பரிதா அக்காவின் பச்சைக் குடம்

"அம்மாவோட குடத்தை வரிசையிலருந்து எடுத்துடணுமா?"

மெஹ்னாஸ் என்னிடம் இப்படிக் கேட்டபோது, அவளுடைய அம்மா பரிதாவை அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தோம். நானும் அவளும் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள். எதைக் கேட்டாலும் ஏதாவது பதில் சொல்லிவிடுவேன். அன்றைக்கு வரிசையைத்தான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாகப் பரிதா அக்காவின் பச்சைக் குடம் நின்றிருந்தது. அதன் கழுத்தில் அவர் கட்டிவைத்த சிவப்புத் துணி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு கனமானது என்று புரிய வேண்டுமானால், எங்கள் தெருவில் குடத்துக்கு இருக்கும் மரியாதையைச் சொல்ல வேண்டும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக் குடங்கள் பக்கத்துப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றிருக்கின்றன.

பரிதா அக்கா பிறந்தது பல்லாவரத்தில். அவருடைய அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்தவர். அவர்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் முதலில் வெளுத்த டீ போல ஆனதாம், பிறகு அதில் நாற்றம் வந்ததாம். பட்டறை முதலாளியின் வீட்டுக்கு மட்டும் வேறு ஊரிலிருந்து வண்டியில் தண்ணீர் வருமாம். "அந்த வண்டி போனா தெருவுல ஒரு ஈரக் கோடு வுழும். நாங்க பசங்கல்லாம் அந்தக் கோட்டுமேல கால வெச்சிகினு நடப்போம், குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு, வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து ஊசியை ஓட்டிக்கொண்டே, போகிற வருகிற எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். அவருடைய கணவர் அக்தர் அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுநர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.

எங்கள் தெருவின் கடைசியில் வேதாசலத்தின் கிணறு இருக்கிறது. அவர்கள் பழைய ஊர்க்காரர்கள். நெல் விளைந்த காலத்தில் அது வயலுக்குத் தண்ணீர் இறைத்த கிணறு. வயல்களெல்லாம் மனைகளாக விற்றுப்போன பிறகு கிணறு மட்டும் மிஞ்சியது. இப்போது அதிலிருந்து விடிந்தது முதல் அவருடைய லாரிகள் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, எங்கள் தெரு வழியாக மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போகின்றன. அந்த அடுக்குமாடி ஒன்றில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே வீட்டு வேலைக்குப் போகும் ஹேமாவதி அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். குளத்தில் யாரும் குளிப்பதில்லையாம், ஆனால் தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்களாம்.

லாரிகள் ஓட ஓட, எங்கள் வீடுகளின் ஆழ்துளைப் போர்கள் ஒவ்வொன்றாகக் காற்று விட்டன. முதலில் தெருவின் அந்தக் கோடியில், பிறகு நடுவில், கடைசியில் எங்கள் வீட்டிலும். மோட்டாரைப் போட்டால் குழாய் வாயில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கனவில் வருகிறது.

பரிதா அக்கா வீட்டுப் போர் நின்ற மறுநாள் காலை, அவர் ஒரு காரியம் செய்தார். குழாயடியிலிருந்து தன் பச்சைக் குடத்தைத் தூக்கிவந்து ரோட்டுக்கு நடுவில் வைத்தார். பின்னால் போய் நின்றுகொண்டார். ஹேமாவதி அக்காவும் அவர் பின்னால் தன் குடத்தை வைத்தார். இப்படியே தெருவுக்குக் குறுக்கே ஒரு வரிசை உண்டாகிவிட்டது. அப்போது வந்த முதல் லாரியை ஓட்டிவந்தது அக்தர் அண்ணன்.

அவர் ஹாரன் அடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"இன்னா ஹாரன் அடிச்சிகினு கீறே? குடம் கண்ணுக்குத் தெர்ல?" என்றார் பரிதா அக்கா.

"வழி வுடு பரிதா. எதுன்னாலும் வூட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வூட்ல தண்ணி இல்ல. அதான் ரோட்ல பேசறேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அக்தர் அண்ணன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆனால் லாரியை நகர்த்தவில்லை. இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் யாரும் குடத்தின்மேல் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் வீட்டுக் குடமும் எங்கேயோ ஒரு வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும்.

வேதாசலம் வேகமாக நடந்துவந்தார். சத்தம் போடவில்லை. தன் பாட்டன் வெட்டிய கிணறு, பட்டா தன் பேரில், யார் வீட்டிலும் திருடவில்லை என்று பொறுமையாக விளக்கினார். பரிதா அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"கிணறு உங்களுதுதான் சார், யார் இல்லன்னா? ஊத்து யாரோடது?"

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் கொஞ்ச நேரம் லாரிகளை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தெருக்களிலிருந்தும் குடங்கள் வந்தன. பேனர் கிடையாது, கொடி கிடையாது. எங்களைக் 'குடக்காரங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் விடிந்து பார்த்தால், குழாயடியில் எங்கள் குடங்களுக்கு முன்னால் புத்தம்புதிய நீலக் குடங்கள். குட்டியானை வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். எல்லாம் வேதாசலத்தின் வேலை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்கிற எங்கள் சட்டத்தை எங்கள்மேலேயே திருப்பிவிட்டார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அவற்றை உதைத்துத் தள்ளியிருப்பார்கள். எங்கள் பெண்கள் அந்த நீலக் குடங்களைத் தொடாமல் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கை எழவில்லை. குழாயில் தண்ணீர் வந்து, அது பாட்டுக்குத் தரையில் ஓடியது.

அப்போது பரிதா அக்கா ஒரு முடிவு சொன்னார். "குடம் இடம் புடிக்கலாம். தண்ணி வரும்போது பின்னால ஆள் நிக்கணும். ஆளில்லன்னா எடுத்து ஓரமா வெச்சிடலாம். ஒரு ஆளுக்கு ஒரு குடம்தான். எனக்கும் அப்டித்தான்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவரே நீலக் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் கவிழ்த்தார். உடைக்கவில்லை. ஒரு குடத்தைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக அவர் விடவில்லை.

தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எங்களைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்லவராகத்தான் இருந்தார். டீ வரவழைத்தார். உங்களுக்கு என்னதான் வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். எங்களுக்குள்ளேயே அது முடிவாகியிருக்கவில்லை. ஹேமாவதி அக்கா தெருவுக்கு ஒரு லாரி தண்ணீர் கேட்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் கேட்டதில் தப்பில்லை.

பரிதா அக்கா வேறு மாதிரி சொன்னார். "எங்க தெருவுக்கு மட்டும் கேக்க வர்ல சார். எத்தினி பேர் கீறாங்களோ அத்தினி குடம். அபார்ட்மென்ட்ல கீறவங்களுக்கும் அதே குடம்தான். அவங்களையும் வரிசைல வந்து நிக்கச் சொல்லுங்க. நாங்க இடம் வுடறோம்."

அதிகாரி சிரித்துவிட்டார். "அவங்க காசு குடுத்து வாங்கறாங்கம்மா."

"நாங்களும்தான் குடுத்தோம். எங்க போர்ல இருந்த தண்ணி எங்க போச்சின்னு நெனச்சீங்க?"

டீ ஆறிப்போனது. மறுபடியும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தது. பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் கறுப்பாகப் படியும். காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அக்தர் அண்ணன் ஒருநாள் கிணற்றிலிருந்து ஒரு கேன் நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். கண்ணாடி மாதிரி இருந்ததாம் அந்தத் தண்ணீர். பரிதா அக்கா அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வரிசையில் நின்ற குடங்களில் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டே போனார். தன் குடத்துக்கு வருவதற்குள் கேன் காலியாகிவிட்டது.

"வரிசைல வராத தண்ணி நம்ம வூட்டுக்கு வாணாம்" என்று அக்தர் அண்ணனிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் கொண்டுவரவில்லை.

தெருவில் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் வீட்டிலும் வந்து போனது. பரிதா அக்காவுக்கு வந்தது போகவில்லை. கண் மஞ்சளித்த பிறகும் காலையில் ரோட்டில் வந்து குடத்துக்குப் பின்னால் நின்றார். ஒருநாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேதாசலம்தான் தன் காரை அனுப்பினார். அதையும் சொல்லாமல் விடக் கூடாது. கார் முன்னால் போக, பின்னால் ஒரு லாரி தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. பரிதா அக்கா திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை குழாயடிக்குப் போனவர்கள், வரிசையில் மூன்றாவது இடத்தில் பச்சைக் குடம் நிற்பதைப் பார்த்தார்கள். யார் வைத்தது என்று கேட்டால், நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். தண்ணீர் வந்தது. முதல் குடம் நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது. அடுத்தது பச்சைக் குடம். பின்னால் ஆள் இல்லை. அவர் போட்ட சட்டப்படி அதை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். யாருடைய கையும் போகவில்லை. அதைத் தாண்டித் தன் குடத்தை வைக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. குழாய் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். கடைசியில் ஹேமாவதி அக்காதான் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டித் தன் குடத்தை நீட்டினார்.

அடுத்த முறையும் பச்சைக் குடம் இருந்தது. அதற்கடுத்த முறையும் இருந்தது. ரோட்டை மறிக்கும் நாட்களில் நடுரோட்டில் முதல் ஆளாக நின்றது. வெறும் குடம்தான், ஆனால் அதைக் கடக்கும்போது பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதை நிறுத்தினார்கள். காற்றடித்தால் அதன் வாயில் ஒரு ஊதல் சத்தம் கேட்கும், எங்கள் செத்துப்போன போர்கள் விட்ட அதே மூச்சு. குடம் தானாக வந்து நிற்கிறது என்று தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். மற்ற பாதிப் பேர் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மெஹ்னாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, அவளே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"அத்தாதான் வெக்கிறாரு. லாரி ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொண்டாந்து வெச்சிட்டுப் போறாரு. நான் பார்த்தேன். கேக்கல."

அவள் ஏன் அந்தக் குடத்துக்குப் பின்னால் நிற்கவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். அவளுக்கென்று ஒரு குடம் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு குடம். அவள் அம்மா போட்ட சட்டத்தை அவளே எப்படி உடைப்பாள்? அக்தர் அண்ணனுக்கென்று வரிசையில் எப்போதும் குடம் இருந்ததில்லை. அவர் லாரியில் இருந்தார். லாரியை விட்டு இறங்கினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மெஹ்னாஸ் நர்சிங் சேர்ந்திருந்தாள், அந்தப் படிப்பும் நின்றுவிடும். அதனால் விடியற்காலையில் குடத்தை வைத்துவிட்டு, அப்புறம் அதே குடத்துக்கு எதிரில் லாரியில் வந்து நின்று, மறியல் முடியும்வரை கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

இதற்கிடையில் வேதாசலம் சொல்லியனுப்பினார். எங்கள் தெருவுக்கு மட்டும் தினம் ஒரு லாரி நல்ல தண்ணீர், இலவசமாக. ரோட்டில் குடம் வைப்பதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். தெருவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. வாங்கிக்கொண்டால் பக்கத்துத் தெருக்களின் கதி என்ன என்று சிலர் கேட்டார்கள். ஹேமாவதி அக்கா எல்லோர் முன்னாலும் மனதைத் திறந்து சொன்னார்.

"அக்கா இருந்தா நானும் நின்னிருப்பேன். எம் புள்ளைக்கு இன்னும் கண்ணு மஞ்சளாத்தான் கீது. முதல் குடத்துக்கே ஆளில்ல. நாம இன்னாத்துக்கு நிக்கணும்?"

யாரும் அவரை மறுக்கவில்லை. மறுநாள் காலையில் பெண்கள் குடங்களை ரோட்டில் வைத்தது பழக்கத்தால்தான். வைத்தபிறகு சிலர் எடுத்து ஓரத்தில் வைக்கத் தொடங்கினார்கள். ஹேமாவதி அக்காவும் எடுத்துவிட்டார். எதிரில் அக்தர் அண்ணனின் லாரி, அதன் பின்னால் வேறு லாரிகள்.

வேதாசலம் வந்தார். நடுரோட்டில் பச்சைக் குடம் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு எல்லாப் பக்கமும் இடம் விட்டிருந்தார்கள். அவர் அதன் அருகில் போய்த் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவருக்கும் அது வெறும் குடம் இல்லை.

"நான் எதுவும் புதுசா சொல்லல. அந்தம்மா சொன்னதுதான். ஆளில்லாத குடத்தை எடுத்து ஓரமா வெக்கலாம்" என்றார். குனிந்து குடத்தின் கழுத்தில் கை வைத்தார்.

லாரிக் கதவு திறந்தது. அக்தர் அண்ணன் இறங்கினார். இன்ஜினை நிறுத்தக்கூட இல்லை. மெஹ்னாஸ் தன் குடத்துக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்தார், வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் தலையை லேசாக அசைத்தாள்.

"வுட்டுடுங்க சார். அந்தக் குடத்துக்கு ஆள் கீது" என்றார்.

நடந்துவந்து பச்சைக் குடத்துக்குப் பின்னால், பரிதா அக்கா நிற்கும் இடத்தில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார். வேதாசலம் கையை எடுத்துக்கொண்டார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டாயா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் அக்தர் அண்ணன். இரண்டு பேரும் பல வருடம் பழகியவர்கள்.

ஹேமாவதி அக்கா ஓரத்திலிருந்து தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத்தினி நாளு எங்கண்ணா இருந்தே?" என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் 'டங்'கென்று வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளில்லாத லாரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் வால்வில் சொட்டிய தண்ணீர் ரோட்டில் கோடாக இறங்கிவந்து பச்சைக் குடத்தின் அடியைத் தொட்டது. அக்தர் அண்ணன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தை நிமிர்த்தவில்லை.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. இலவச லாரி வரவில்லை. அக்தர் அண்ணன் இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இரும்புத் தகடு தூக்குகிறார். மெஹ்னாஸின் படிப்பு பாதியில் நிற்கிறது. தாம்பரத்திலிருந்து மறுபடியும் கூப்பிடவில்லை. ஆனால் குழாயடியில் மூன்றாவது இடத்தில் பச்சைக் குடம் இருக்கிறது, தண்ணீர் வரும்போது அதன் பின்னால் அவர் நிற்கிறார். வரிசையின் கடைசியில் ஒரு குடம் வைக்கும் இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறோம், அடுக்குமாடிக்காரர்களுக்காக. அங்கே யாரும் நிற்பதில்லை. அது எப்போதும் காலியாகவே இருந்துவிடுமோ என்று நினைக்கும்போது எனக்குப் பச்சைக் குடத்தைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

மெஹ்னாஸின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. எடுக்க வேண்டாம். யாராவது போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். லாரிகள் இப்போது எங்கள் தெரு வழியாகப் போவதில்லை. கிணற்றுக்குப் பின்பக்கம் வேறொரு வழி போட்டுவிட்டார்கள். தண்ணீர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, வேறு ஏதோ ஒரு தெரு வழியாக. எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியவில்லை. அங்கேயும் போர்கள் மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். அதனால் இதைப் படிக்கிறவர்கள் இதோடு விட்டுவிடாதீர்கள். மேடவாக்கம், பல்லாவரம், தாம்பரம் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் இருந்தாலும் அவர்களிடம் பரிதா அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் ரோட்டில் ஓர் ஈரக் கோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொல்கிறவர்கள் வீட்டில் ஒரு குடம் இருக்கும்.